மலைச் சடக்குக்குப் பிக்கப்பைத் தயார் செய்தல்: எதை முதலில் மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் நகரிலிருந்து லாசாவைத் தாண்டி உள்ளே செல்லும் சாலை, செம்பனைத் தோட்டங்களையும் அங்கங்கே எஞ்சி நிற்கும் பால்மரங்களையும் கடந்த பிறகு தாரை இழந்து செம்மண் சடக்காகி, தித்திவங்சா மலைத்தொடரின் மடிப்புகளுக்குள் ஏறத் தொடங்குகிறது. அந்த மலைகளில் உள்ள தெமியார் பழங்குடிக் கிராமங்களுக்கு அரிசியும் கேஸ் தோம்பும் ஏற்றிக்கொண்டு போய்வரும் பழைய பிக்கப்களைக் கவனித்துப் பாருங்கள். மண்ணைக் கடிக்கும் டயர், ஒரு நல்ல கயிறு, மண்வெட்டி, பாராங் ஆகியவற்றைத் தவிர அவற்றில் பெரிதாக எதுவும் இருக்காது. கடைக்காரர் காட்டும் பட்டியலில் உள்ள அனைத்தையும் பூட்டிக்கொண்டு வரும் புதிய வண்டி, அதே மேட்டில் அச்சு வரை புதைந்து கிடக்கும்போது, இந்தப் பழைய வண்டிகள் ஓரமாக ஒதுங்கி ஏறிச் செல்வதையும் காணலாம். ஓட்டுநரின் அனுபவம் அதற்கு ஒரு காரணம் என்றால், வண்டியின் எடை மற்றொரு காரணம். எனவே இந்த வழிகாட்டி, எதையெல்லாம் பூட்டலாம் என்பதைக் காட்டிலும், எந்த வரிசையில் பூட்ட வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதிலேயே கவனம் செலுத்துகிறது.

நமது தரை எத்தகையது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். சந்தையில் கிடைக்கும், வண்டியில் கூடுதலாகப் பூட்டும் உபரிப் பொருள்களில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவின் நீண்ட, வறண்ட, கரடுமுரடான பாதைகளை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. பேராக்கின் உள்மலைப் பகுதியிலோ பாறையையும் மணலையும்விட ஈரக் களிமண், வெட்டுமரம் ஏற்றும் பாலாக் லோரிகள் உழுதுவிட்ட ஆழமான சக்கரத் தடங்கள், மரப்பாலங்கள், ஆற்றுக் கடவைகள் ஆகியவையே நம்மைச் சோதிக்கின்றன. மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை உச்சத்தை எட்டும். பிற்பகல் மழை அரை மணி நேரம் பெய்தாலே காலையில் எளிதாக ஏறிய மேடு மாலையில் சோப்புக் கட்டியாகிவிடும். ஆகவே பிடிமானம், நீர்த் தடுப்பு, மீட்பு ஆகிய மூன்றுக்கும் முதலில் பணம் செலவிட்டுவிட்டு, உயரத்தையும் அழகையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எடைக் கணக்கு

எதையும் வாங்குவதற்கு முன் வண்டியை எடை போட்டுப் பார்ப்பது நல்லது. இருவரிசை இருக்கை கொண்ட ஒரு டீசல் பிக்கப் ஏறக்குறைய 2,000 கிலோ எடையுள்ளது. அதன் மொத்த அனுமதி எடை பொதுவாக 2,900 முதல் 3,100 கிலோ வரை இருக்கும். இடையில் எஞ்சும் ஏறத்தாழ ஒரு டன்னைப் பெரிய அளவு என்று எண்ணிவிடக் கூடாது. ஐந்து பேர் ஏறினாலே 350 கிலோ போய்விடுகிறது. இரும்பு முன் பம்பருக்கு 60, கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச்சுக்கு, அதன் இரும்புக் கம்பியுடன் சேர்த்து 40, அடித்தகடுகளுக்கு 40, பக்கவாட்டுக் குழாய்களுக்கு 40, பின்கூண்டுக்கு 70 என்று கணக்கிட்டால் மேலும் 250 கிலோ ஆகும். கூடாரம், தண்ணீர், உபரி டீசல், கருவிகள் ஆகியவற்றுக்கு 200 கிலோ ஒதுக்கினால், மொத்தம் 800 கிலோ ஆகிவிடும். காட்டுக்குள் ஒரு பள்ளத்தில் சக்கரம் விழும்போது இந்த எடை முழுவதும் ஒரே மூலையில் இறங்குகிறது. சேசிஸ் வளைவதும் பின் அச்சின் உறை விரிசல் விடுவதும் பெரும்பாலும் அப்படித்தான் நிகழ்கின்றன.

தோட்ட நகரில் வசிப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. செம்பனை ஆலைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் லோரி நிறுக்கும் மேடைகள் இருக்கின்றன. வேலை குறைந்த நேரத்தில் அனுமதி கேட்டால், பலர் மறுக்க மாட்டார்கள். முழு வண்டியையும் ஒருமுறை நிறுத்த பின், முன் சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்து மறுமுறை நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முன் அச்சு எவ்வளவு, பின் அச்சு எவ்வளவு என்று தெரிந்தால்தான் எந்த ஸ்பிரிங் வாங்குவது என்ற கேள்விக்குச் சரியான விடை கிடைக்கும்.

டயர்

ஒரே ஒரு மாற்றத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் அது டயராகவே இருக்கட்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் சாலை டயரின் பள்ளங்கள் களிமண்ணில் நான்கைந்து சுற்றிலேயே அடைத்துக்கொண்டு வழவழப்பாகிவிடும். ஏ.டி. எனப்படும் எல்லாத் தரை டயர், வார நாள்களில் ஈப்போவுக்கு வேலைக்குச் சென்று வார இறுதியில் மலையேறுபவருக்குப் பொருந்தும். மழைக்காலத்திலும் உள்ளே போக வேண்டும் என்பவருக்கு எம்.டி. எனப்படும் சேற்று டயரே ஏற்றது. அதன் அகன்ற பள்ளங்கள் சுழலும்போது சேற்றைத் தாமே உதறிவிடும். ஆனால் அது நெடுஞ்சாலையில் இரைச்சலிடும், விரைவில் தேயும், நனைந்த தாரில் பிரேக் பிடிக்கும்போது கூடுதல் தூரம் எடுக்கும். தைப்பிங்கை அடுத்த கமுந்திங்கில் தொழிற்சாலை வைத்திருந்த சில்வர்ஸ்டோன் நிறுவனத்தின் சேற்று டயர்கள் நமது காடுகளில் நெடுங்காலமாகப் புழங்கிவருவதால், அவற்றைப் பற்றி உள்ளூர் ஓட்டுநர்களிடம் நேரடியாகக் கேட்டறிய முடியும்.

அளவைப் பொறுத்தவரை அடக்கம் தேவை. 265/65 ஆர் 17 டயரின் விட்டம் சுமார் 776 மி.மீ.; 265/70 ஆர் 17 டயருக்கு அது 803 மி.மீ. ஆகிறது. அச்சின் உயரம் விட்ட வேறுபாட்டில் பாதி, அதாவது 13 மி.மீ. கூடும், வேகமானி காட்டுவதைவிட வண்டி சுமார் மூன்றரை விழுக்காடு வேகமாக ஓடும். இந்த அளவு பெரும்பாலான வண்டிகளில் வேறு எதையும் வெட்டாமல் பொருந்திவிடும். 285/70 ஆர் 17க்குத் தாவினால் விட்டம் 831 மி.மீ. ஆகிவிடுவதால், திருப்பும்போது உட்புறம் உராய்வதும், கியர் விகிதம் உயர்ந்து வண்டி மேட்டில் திணறுவதும், பிரேக்குக்குச் சுமை கூடுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஐந்தாவது டயரும் அதே அளவில் இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

டயரை மாற்றியவுடன் காற்று அளவுமானியும் 12 வோல்ட் காற்று அமுக்கியும் வாங்குங்கள். இவ்விரண்டின் பயனை அவற்றின் விலையோடு ஒப்பிட்டால், வேறு எந்த உபரிப் பொருளும் அருகில் வராது. தாரில் 32 முதல் 35 பி.எஸ்.ஐ. வைத்திருப்பவர், செம்மண் சடக்கு தொடங்கும் இடத்தில் 25க்கும், ஆழ்ந்த சேற்றில் 18க்கும் இறக்கினால், டயர் நீளவாக்கில் பரந்து தரையைத் தழுவிக்கொள்ளும். 15க்குக் கீழே இறக்கினால், சாதாரண ரிம்மிலிருந்து டயரின் விளிம்பு கழன்றுவிட வாய்ப்பு உண்டு. காற்றுக் குறைந்த டயரில் வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறிப் பிய்ந்துவிடும் என்பதால், தார் வந்ததும் காற்றை நிரப்பிய பிறகே புறப்பட வேண்டும்.

நீர் புகும் வழிகள்

ஆற்றைக் கடப்பது என்றதும் எல்லோரும் எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்றெடுக்கும் குழாயான ஸ்னோர்கலைப் பற்றியே பேசுகிறார்கள். அதற்கு முன் செய்ய வேண்டிய, மிகக் குறைந்த செலவில் முடியும் வேலை ஒன்று இருக்கிறது. அச்சில் சக்தியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலுக்கும் கியர்பாக்ஸுக்கும் மேலே சிறிய மூச்சுக்குழாய்கள் உள்ளன. நெடுநேரம் ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த ஆற்று நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, கிடைத்த இடைவெளியில் எல்லாம் நீரை உறிஞ்சிக்கொள்ளும். மூச்சுக்குழாய் அச்சின் மேலேயே முடிந்தால் நீர் அதன் வழியாகவோ எண்ணெய் அடைப்பு வழியாகவோ உள்ளே போகும். எண்ணெய் தாங்கும் ரப்பர்க் குழாயை வாங்கி, அந்த மூச்சுவழிகளை எஞ்சின் அறையின் மேற்பகுதி வரை நீட்டி, முனையில் சிறு வடிகட்டி பொருத்திவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. தோட்டத்து டிராக்டர்களைப் பழுதுபார்க்கும் எந்தப் பட்டறையிலும் அரை நாளில் முடியும் வேலை இது.

ஸ்னோர்கல் காற்று உள்ளிழுக்கும் இடத்தை உயர்த்துகிறதே தவிர, வண்டியைப் படகாக்குவதில்லை. டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் நீர் புகுந்தால், நீரை அமுக்க முடியாததால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அந்த ஒரு நிகழ்வைத் தடுப்பதற்குத்தான் ஸ்னோர்கல். அதைப் பொருத்தும்போது ஒவ்வோர் இணைப்பும் காற்றுப்புகாதபடி அடைக்கப்பட்டுள்ளதா என்பதையும், காற்று வடிகட்டிப் பெட்டியின் அடியில் உள்ள வடிகால் துளை கவனிக்கப்பட்டுள்ளதா என்பதையும் நீங்களே சோதியுங்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்னோர்கலின் வாயை உள்ளங்கையால் மூடினால் எஞ்சின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் எங்கோ காற்று புகுகிறது, அங்கே நீரும் புகும். ஸ்னோர்கல் இருந்தாலும் ஆல்டர்னேட்டர், மின் இணைப்புகள், கதவு ரப்பர்கள் எல்லாம் பழைய உயரத்திலேயே இருக்கின்றன என்பதால், தயாரிப்பாளர் குறிப்பிடும் நீர் ஆழத்தை மீறாதீர்கள். வண்டிக்கு வண்டி அது மாறினாலும், பல பிக்கப்களில் 700 முதல் 800 மி.மீ. வரை உள்ளது. ஓடும் நீரில் அதில் பாதி ஆழமே பின்பகுதியைத் தூக்கி இழுத்துச் செல்லப் போதுமானது.

மேல்மலையில் பெய்த மழை கீழே வெயிலடிக்கும்போதே ஆற்றில் கெப்பாலா ஆயராக, அதாவது திடீர் வெள்ளமாக, வந்து இறங்கும். நீரின் நிறம் திடீரென மாறினாலோ, சருகும் குச்சியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, வண்டியை ஆற்றுப் பக்கம் திருப்பாதீர்கள். கரையிலிருந்து உயரமான இடத்துக்குப் பின்வாங்குங்கள்.

நீரோடு தொடர்புடைய இன்னொன்று எரிபொருள். நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்யப்பட்ட பயோடீசல் கலக்கப்படுகிறது. அது சாதாரண டீசலைவிட ஈரத்தை எளிதில் ஈர்த்துக்கொள்ளும். இக்கால எஞ்சின்களின் இன்ஜெக்டர்கள் நீரைப் பொறுக்காது. ஆகவே நீர் பிரிக்கும் கூடுதல் வடிகட்டி ஒன்றைப் பொருத்துவது, குறிப்பாகக் கேன்களில் டீசல் எடுத்துச் செல்பவர்களுக்கு, நல்ல முதலீடு.

உயர்த்துதல்

சஸ்பென்ஷனை உயர்த்துவது பற்றிய ஆசை பெரியது, புரிதல் குறைவு. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை 50 மி.மீ. உயர்த்தினால், பம்பரும் அடிவயிறும் உயரும்; ஆனால் பின் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரென்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும், ஏனெனில் அதைத் தாங்குவது டயர் மட்டுமே. லோரித் தடத்தின் நடுமேட்டில் தட்டும் பகுதி அதுதான். எனவே 40 முதல் 50 மி.மீ. வரை போதும் என்று கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் முன் சக்கரங்களுக்குச் செல்லும் சிவி மூட்டுகள் கூர்மையான கோணத்தில் சுழன்று விரைவில் தேய்வதுடன், முன் சக்கரங்களை மேலிருந்து தாங்கும் சஸ்பென்ஷன் கைகளையும் மாற்ற வேண்டிவரும்; சரிவில் குறுக்காகச் செல்லும்போது வண்டி கவிழும் வாய்ப்பும் கூடும்.

முன்புறச் சுருள் ஸ்பிரிங்கை, பம்பரும் வின்ச்சும் சேர்ந்த எடைக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்புறத்துக்குப் பட்டை ஸ்பிரிங் வாங்கும்போது, எப்போதும் வண்டியிலேயே இருக்கும் எடை எவ்வளவு என்று கடைக்காரர் கேட்பார். நிறுத்துக் குறித்த எண்ணை அவரிடம் சொல்லுங்கள். வெறும் வண்டிக்கு 300 கிலோ தாங்கும் பட்டையைப் போட்டால் அது குதிரைபோலத் துள்ளி, மேட்டில் பின்சக்கரம் தரையைவிட்டு எழும். பழைய பட்டையைச் சூடாக்கி வளைத்துத் தருவது மலிவாகத் தோன்றலாம். ஆனால் வெப்பம் எஃகின் பதத்தைக் கெடுத்துவிடுவதால், சில மாதங்களில் அது மீண்டும் அமர்ந்துவிடும். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் கட்டைகளை அடுக்கி உயர்த்துவதை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

உயர்த்திய பின் மூன்று இடங்களைப் பார்த்தாக வேண்டும். முதலாவது, பிரேக் எண்ணெய்க் குழாய்கள்; சக்கரத்தை முழுவதும் தொங்கவிட்ட நிலையில் அவை இழுபடக் கூடாது. இரண்டாவது, பின் அச்சோடு இணைந்து சுமைக்கேற்பப் பிரேக் அழுத்தத்தைப் பிரித்துத் தரும் வால்வு. பழைய பிக்கப்கள் பலவற்றில் இருக்கும் இந்த வால்வு, பின்பகுதி உயர்ந்ததும் வண்டியில் சுமை இல்லை என்று கருதிப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதன் கையை உயர்த்திய அளவுக்கு ஏற்பச் சரிசெய்யாமல் மலையிறங்குவது ஆபத்து. பல பட்டறைகள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. மூன்றாவது, சக்கர நேர்ப்பாடு. இவற்றோடு, பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை 500 கி.மீ. ஓட்டிய பிறகு மீண்டும் இறுக்கச் சொல்லுங்கள்.

மீட்புச் சாதனங்கள்

சேற்றில் புதைந்த வண்டி, அதன் எடையைக் காட்டிலும் பெரும் எதிர்ப்பைக் காட்டும். அதை இழுக்கும் கயிற்றில் சேரும் விசை, ஏதேனும் ஒன்று அறுந்தால் ஓர் உயிரைப் பறிக்கப் போதுமானது. முன்னும் பின்னும் சேசிஸோடு போல்ட் செய்யப்பட்ட, தாங்கும் எடை பொறிக்கப்பட்ட கொக்கிகளை முதலில் பொருத்துங்கள். கப்பலில் கட்டுவதற்காகத் தொழிற்சாலை கொடுத்துள்ள வளையம் இழுப்பதற்கானதன்று. பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் கயிற்றை மாட்டாதீர்கள்; அது முறிந்து பீரங்கிக் குண்டாகப் பறந்ததால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.

நீளும் தன்மையுள்ள மீட்புக் கயிறு ஒன்று, நீளாத பட்டை ஒன்று, 4.75 டன் முத்திரையுள்ள ஷாக்கிள்கள் எனப்படும் இணைப்பு வளையங்கள் இரண்டு, மரத்தைச் சுற்றும் அகன்ற பட்டை, கையுறை, நீண்ட கைப்பிடி மண்வெட்டி ஆகியவை அடிப்படைத் தொகுப்பு. நீளும் கயிறு வண்டிக்கு வண்டி இழுப்பதற்கு மட்டுமே. அதை வின்ச்சோடு இணைக்கக் கூடாது. இழுக்கும்போது கயிற்றின் நடுவில் கனமான சாக்கையோ ஈரத் துணியையோ போட்டுவைத்து, மற்றவர்களைக் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நிறுத்துங்கள்.

தனியாக உள்ளே செல்லக் கூடாது என்பதால், இரண்டு வண்டிகளில் ஒன்றில் வின்ச் இருந்தால் போதும். அதன் திறன், வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். 3,000 கிலோ வண்டிக்கு 4,500 கிலோ, அதாவது கடைக்காரர் கணக்கில் 10,000 பவுண்டு வகை. அந்த எண், உருளையில் கயிற்றின் அடிச் சுற்று மட்டும் எஞ்சியிருக்கும்போதே உண்மை. மேல் சுற்றுகளில் இழுவிசை வெகுவாகக் குறைகிறது. எனவே தொலைவில் உள்ள மரத்தைத் தேர்ந்தெடுத்துக் கயிற்றை முடிந்தவரை வெளியே விடுவதோ, கப்பி ஒன்றைச் சேர்த்து விசையை ஏறத்தாழ இரட்டிப்பாக்குவதோ நல்லது. இரும்புக் கம்பியைவிடச் செயற்கை இழைக் கயிறு எடை குறைந்தது, அறுந்தாலும் வீச்சு குறைவு. ஆனால் சேறும் மணலும் அதை உள்ளிருந்து அறுக்கும் என்பதால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் கழுவ வேண்டும். செம்பனையில் வின்ச்சைக் கட்ட வேண்டாம். அதன் வேர் ஆணிவேராக இறங்காமல் நார்நாராகப் பரவுவது. தவிர, அது தோட்டத்தின் சொத்து.

பின் டிஃபரென்ஷியல் பூட்டு தொழிற்சாலையிலிருந்தே வரும் வண்டியாக இருந்தால், வின்ச் வாங்கும் எண்ணத்தை ஓர் ஆண்டு தள்ளிப்போடலாம். பூட்டு இல்லாத வண்டியில் ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் சக்தி முழுவதும் அந்தச் சக்கரத்தின் வழியாக வீணாகிவிடும். பூட்டைத் தனியாக வாங்கிப் பொருத்துவது செலவு மிகுந்தது என்றாலும், வெளித்தெரியாத மாற்றங்களில் அதைவிடப் பயனுள்ளது இல்லை.

எஞ்சியவை

எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியையும் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் மறைக்கும் அடித்தகடு அவசியம். எண்ணெய் மாற்றத் துளை விட்டிருக்கும் தகடாகப் பார்த்து வாங்குங்கள். படிக்கட்டுபோல் தொங்கும் பக்கப் படிகளைக் கழற்றி வைத்துவிடலாம். முன் பம்பரை இரும்பில் மாற்றுபவர், அது காற்றுப்பையின் உணரிகளுக்கும் முன்புற ரேடாருக்கும் இடையூறாகுமா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். கூரையின் மேல் இரும்புச் சட்டமும் அதன்மேல் கூடாரமும் அடுக்குவது, குறுகிய மலைச் சரிவில் நாமே நமக்கு வைத்துக்கொள்ளும் பொறி. நீண்ட விளக்குப் பட்டை, பொதுச் சாலையில் எதிரே வருபவரின் கண்ணைப் பறிக்கும்; மழையிலும் மூடுபனியிலும் நமது கண்ணையும் பறிக்கும்.

பதிவு செய்யப்பட்ட வண்டியின் அமைப்பை மாற்றுவது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் வருகிறது. வேலையைத் தொடங்குவதற்கு முன் ஜே.பி.ஜே. எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் எந்தெந்த மாற்றத்துக்கு ஒப்புதல் வேண்டும் என்று கேட்டறிந்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்படலாம். நிரந்தர வனக் காப்பகத்துக்குள் செல்ல மாநில வனத்துறையின் நுழைவு அனுமதி வேண்டும். தோட்டப் பாதையில் கேட் இருந்தால் நிர்வாகத்திடமும், கிராமத்தில் தங்குவதாக இருந்தால் அதன் தலைவரான பத்தினிடமும் முன்னதாகச் சொல்லுங்கள்.

திரும்பி வந்த மறுநாள், சேசிஸின் உட்புறத்திலும் பின் பிரேக் டிரம்மிலும் அடைந்த செம்மண்ணை அழுத்த நீரால் கழுவி வெளியேற்றுங்கள். அடைந்து கிடக்கும் களிமண் ஈரத்தைப் பிடித்துவைத்து இரும்பை அரிக்கும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டுகளுக்குப் புதிய கிரீஸ் ஏற்றி, பழையது வெளியே வரும் வரை அழுத்துங்கள். ஆற்றைக் கடந்திருந்தால் டிஃபரென்ஷியலின் நிரப்பும் திருகைக் கழற்றி, விரலை விட்டு எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். அது பால் கலந்த கோப்பிபோல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது என்று பொருள், அந்த எண்ணெயை மாற்றாமல் வண்டியை மீண்டும் சாலையில் இறக்கக் கூடாது.